மார்பகப் புற்றுநோய் ஸ்கிரீனிங் ஒழுங்காக நடக்கிறதா என்று எப்படி அளக்கிறார்கள்?

கேள்வி இது: "என் அக்கா இங்கிலாந்தில் இருக்கிறார். 50 வயது தாண்டியதிலிருந்து மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்க வரச்சொல்லிக் கடிதம் வருகிறது. இந்தத் திட்டம் நன்றாக நடக்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? நிறைய கேன்சர் கண்டுபிடித்தால் நல்ல திட்டம், அவ்வளவுதானே?"

அவ்வளவு சுலபமாக இருந்திருந்தால் நாற்பது வருஷமாக இதை வைத்துச் சண்டை போட்டிருக்க மாட்டார்கள். எத்தனை பிடித்தார்கள் என்பது பாதிக் கணக்கு. "ஒன்றுமில்லை, போய் வாருங்கள்" என்று அனுப்பிய பெண்களில் எத்தனை பேர் அடுத்த அழைப்பு வருவதற்குள் கட்டியோடு மருத்துவமனைக்கு வந்தார்கள் என்பது மீதிப் பாதி. ஒரு திட்டத்தின் தரத்தை எடைபோட எனக்கு ஒரே ஒரு எண்தான் கிடைக்கும் என்றால் அந்த இரண்டாவதைத்தான் கேட்பேன். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் உங்கள் அக்கா போகும் ஸ்கிரீனிங், அதாவது நோய் அறிகுறி இல்லாதவர்களையும் கூப்பிட்டுப் பரிசோதிக்கும் திட்டத்தின் உருவத்தைப் பார்த்துவிடலாம். பேராசிரியர் ஃபாரஸ்ட் தலைமையிலான அரசுக் குழு 1986-இல் கொடுத்த அறிக்கையின் பேரில் 1988-இல் தொடங்கியது. இப்போது 50 வயதிலிருந்து 71-வது பிறந்தநாள் வரை, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அழைப்பு. ஆயிரம் பெண்கள் படம் எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய 40 பேரை "இன்னொரு முறை வாருங்கள், கொஞ்சம் பார்க்கவேண்டும்" என்று கூப்பிடுகிறார்கள். அந்த 40 பேரில் எட்டு, ஒன்பது பேருக்குப் புற்றுநோய் உறுதியாகிறது. மற்றவர்கள் சில நாள் தூக்கம் கெட்டு, கூடுதல் படமோ அல்ட்ராசவுண்டோ பயாப்சியோ (துளி சதையை எடுத்துச் சோதிப்பது) செய்துகொண்டு, நிம்மதியாக வீட்டுக்குப் போகிறார்கள்.

இந்த எட்டு, ஒன்பது என்பது நல்ல எண்ணா? அதை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது. வயது கூடக் கூட நோய் கூடும். ஆகவே வயதான பெண்கள் அதிகமுள்ள ஊரில் படங்களைச் சுமாராகப் படிக்கிற மையம்கூட நிறையப் பிடித்ததுபோல் தெரியும். முதல் முறை படம் எடுப்பவர்களிடம் பல வருஷமாகச் சேர்ந்து கிடப்பது மொத்தமாக அகப்படும். அடுத்தடுத்த சுற்றுகளில் புதிதாக வந்தது மட்டும்தான் அகப்படும். இதையெல்லாம் சரிக்கட்டத்தான் பிரிட்டனில் ஒரு விகிதத்தை உருவாக்கினார்கள். ஸ்வீடனில் 1977-இல் தொடங்கிய இரு-மாவட்ட ஆய்வு இறப்பைக் கணிசமாகக் குறைத்துக் காட்டியது. அந்த ஆய்வு நடந்த தரத்தில் நம் மையமும் வேலை செய்திருந்தால், நம் பெண்களின் வயதுக்கும் நம் நாட்டு நோய் அளவுக்கும் சுற்றியுள்ள திசுவுக்குள் ஊடுருவும் வகைப் புற்றுநோய்கள் எத்தனையைப் பிடித்திருக்க வேண்டும்? உண்மையில் பிடித்ததை அந்த எண்ணால் வகுக்கவேண்டும். 1 வந்தால் பாஸ், 1.4 வந்தால் பிரமாதம். இதே நோக்கத்தோடு 15 மில்லிமீட்டருக்குக் குறைவான கட்டிகளைத் தனியாகவும் எண்ணுகிறார்கள். நெல்லிக்காய் அளவு கட்டி கைக்கே தெரியும், அதற்கு எக்ஸ்ரே எதற்கு?

சரி, பிடித்தவர்கள் நன்றாக உயிரோடு இருக்கிறார்களே, அதை வைத்துச் சொல்லலாமே என்று அடுத்த கேள்வி வரும். ஐந்தாண்டு உயிர்வாழ்வு என்ற எண்ணைப் பத்திரிகைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். ஸ்கிரீனிங் விஷயத்தில் அதைப்போல ஏமாற்றும் எண் வேறு கிடையாது. ஒரே மாதிரி கட்டியுள்ள இரண்டு பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருத்திக்கு 58 வயதில் மேமோகிராமில் தெரிகிறது. இன்னொருத்திக்கு 62-இல் கையில் தட்டுப்படுகிறது. இருவரும் 66 வயதில் இறந்துபோகிறார்கள். ஸ்கிரீனிங்கால் ஒருநாள்கூட ஆயுள் கூடவில்லை. ஆனால் கணக்குப் புத்தகத்தில் முதல் பெண் எட்டு வருஷம் வாழ்ந்தவள், ஐந்தாண்டு உயிர்வாழ்வில் வெற்றி. இரண்டாவது பெண் தோல்வி. முதல் பெண்ணின் சாவை நாம் தள்ளிப்போடவில்லை, நோய் இருக்கிறது என்ற செய்தியை முன்னால் கொடுத்தோம், அவ்வளவுதான். இதோடு இன்னொன்றும் சேர்கிறது: மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வீசும் வலையில் மெதுவாக வளர்கிற கட்டிதான் அதிகம் சிக்கும். வேகமாக வளர்வது இரண்டு வீச்சுக்கு நடுவில் பிறந்து வளர்ந்து வெளியே வந்துவிடும். ஆக, ஸ்கிரீனிங்கில் பிடிபட்டவர்கள் நன்றாக இருப்பதற்கு ஒரு காரணம் அவர்களுக்கு வந்ததே சாதுவான நோய் என்பது.

இப்போது அந்த நடுவில் வெளியே வருபவற்றுக்கு வருகிறேன். இடைவெளிப் புற்றுநோய் என்று சொல்லலாம். பிரிட்டனில் மூன்று வருஷ இடைவெளியில் ஆயிரத்துக்கு ஏறக்குறைய மூன்று. ஸ்கிரீனிங்கில் எட்டரை, இடையில் மூன்று என்றால் மொத்தம் பதினொன்றரை. திட்டம் பிடித்தது நாலில் மூன்று பங்கு. முதல் வருஷத்தில் இது குறைவாக இருக்கும், இரண்டாவது, மூன்றாவது வருஷங்களில் ஏறும். இந்த ஏற்றத்தின் வடிவத்தைப் பார்த்தே நிறையச் சொல்லிவிடலாம். முதல் வருஷத்திலேயே அதிகமென்றால் படம் எடுப்பதிலோ படிப்பதிலோ கோளாறு. முதல் வருஷம் நன்றாக இருந்து மூன்றாவதில் எகிறினால் அழைப்புக்கு நடுவேயான காலம் நீளமாக இருக்கிறது.

ஐரோப்பிய வழிகாட்டி நெறிகள் 2006-இல் இதற்கு ஓர் அளவுகோல் வைத்தன. ஸ்கிரீனிங்கே இல்லாதிருந்தால் ஒரு வருஷத்தில் எத்தனை புற்றுநோய் வந்திருக்குமோ அதில் 30 சதவீதத்துக்கு மேல் முதல் வருஷத்து இடைவெளிப் புற்றுநோய் போகக்கூடாது. இரண்டாவது வருஷத்தில் 50 சதவீதம். படிக்க அழகாக இருக்கிறது. ஆனால் முப்பது வருஷமாக எல்லோருக்கும் ஸ்கிரீனிங் நடக்கிற நாட்டில் "ஸ்கிரீனிங்கே இல்லாதிருந்தால்" என்ற எண்ணை எங்கே போய்த் தேடுவது? பழைய காலத்துப் போக்கை நீட்டிப் பார்த்து ஊகிக்கத்தான் வேண்டும். ஊகத்தைக் கொஞ்சம் உயர்த்தி வைத்துக்கொண்டால் எந்தத் திட்டமும் பாஸாகிவிடும்.

எண்ணிக்கையோடு இது நிற்பதில்லை. இடைவெளிப் புற்றுநோய் வந்த ஒவ்வொரு பெண்ணின் பழைய மேமோகிராமையும் வெளியே எடுத்து மறுபடி பார்க்கிறார்கள். பிரிட்டனில் மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள்: ஒன்று, அன்றைய படத்தில் ஒன்றுமே இல்லை; இரண்டு, ஏதோ இருக்கிறது, ஆனால் அன்றைக்கு விட்டதில் தப்பில்லை, பாடமாக எடுத்துக்கொள்ளலாம்; மூன்று, இவரைக் கட்டாயம் திரும்பக் கூப்பிட்டிருக்க வேண்டும். மூன்றாவது வகை அதிகமானால் அந்த மையத்தில் விசாரணை. இதில் ஒரு மனித பலவீனம் உண்டு. கட்டி இடது பக்கம், மேலே, வெளிப்புறம் என்று தெரிந்துகொண்டு பழைய படத்தைப் பார்க்கிற எவருக்கும் அங்கே ஒரு நிழல் தெரியும். விடைத்தாள் கையில் இருக்கும்போது கேள்வித்தாள் சுலபம். அதனால் இந்தப் படங்களைச் சாதாரணப் படங்களோடு கலந்து, எது எதுவென்று சொல்லாமல் வேறொரு ரேடியாலஜிஸ்டிடம் கொடுப்பதுதான் நேர்மையான முறை.

இதற்கெல்லாம் அடிப்படை ஒன்று வேண்டும்: ஒரு பகுதியில் புற்றுநோய் வந்த எல்லோரையும் பதிந்துவைக்கும் புற்றுநோய்ப் பதிவகம். ஸ்கிரீனிங் மையத்தில் "ஒன்றுமில்லை" என்று கேட்டுக்கொண்டு போன பெண் இரண்டு வருஷம் கழித்து வேறோர் ஊரில் வேறொரு மருத்துவமனையில் சேர்ந்தால், அது ஸ்கிரீனிங் மையத்துக்குத் தெரியவே தெரியாது. இரண்டு பட்டியலையும் ஒன்றோடொன்று பொருத்த ஆள் வேண்டும். அப்படிப் பொருத்தாத திட்டம் தான் தவறவிட்டவற்றை ஒருபோதும் பார்க்காது. தன்னிடம் தவறே இல்லை என்று மனதார நம்பவும் செய்யும்.

மறு அழைப்பு விகிதத்துக்கு வருவோம். இங்கேதான் நாடுகளுக்கு நடுவே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். நெதர்லாந்தில் 1990-களில் நூறு பேருக்கு ஒருவரைத்தான் திரும்பக் கூப்பிட்டார்கள். அமெரிக்காவில் பத்துப் பேருக்கு ஒருவர். டச்சுக்காரர்கள் தேவையில்லாமல் யாரையும் பயமுறுத்தக்கூடாது என்று இருந்தார்கள். பிறகு அவர்களே, இவ்வளவு இறுக்கிப் பிடித்ததில் கண்டுபிடித்திருக்க வேண்டியவை நழுவுகின்றன என்று பார்த்துக் கொஞ்சம் தளர்த்தினார்கள். அமெரிக்காவில் தவறவிட்டால் வழக்கு வரும் என்ற பயம், பல இடங்களில் ஒரே மருத்துவர் படிப்பது என்று காரணங்கள் உண்டு. பிரிட்டனில் ஒரு படத்தை இருவர் தனித்தனியாகப் படிக்கிறார்கள். ஒவ்வொருவரும் வருஷத்துக்குக் குறைந்தது 5000 பேருடைய படங்களைப் படிக்கவேண்டும். அமெரிக்க விதிப்படி இரண்டு வருஷத்துக்கு 960 போதும். கண் பழகுவதற்கு இந்த வித்தியாசம் சின்னதில்லை.

மறு அழைப்பு குறைந்தால் நல்லதா கூடினால் நல்லதா என்று கேட்டால் பதில் கிடையாது. ஒன்றிலிருந்து நாலு சதவீதம் வரை ஏறும்போது கூடுதலாக நோய் அகப்படுகிறது. அதற்குமேல் ஏற ஏற, பீதி கூடுகிற அளவுக்குப் பிடிப்பது கூடுவதில்லை. இந்த எண்ணை எப்போதும் கண்டுபிடிப்பு விகிதத்தையும் இடைவெளிப் புற்றுநோயையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படிக்கவேண்டும். மறு அழைப்பைக் குறைத்துவிட்டோம் என்று மட்டும் பெருமை பேசும் அறிக்கையைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். ஒருவரையும் கூப்பிடாமல் இருந்தால் மறு அழைப்பு பூஜ்யம்!

எத்தனை பேர் வந்தார்கள் என்பது சுலபமான எண் என்று நினைப்போம். அங்கேயும் ஒரு சிக்கல். அழைத்தவர்களில் ஆறு மாதத்துக்குள் வந்தவர்கள் எத்தனை சதவீதம் என்பது ஒரு கணக்கு; பிரிட்டனில் குறைந்தபட்சம் 70, எட்டவேண்டியது 80. ஊரில் வசிக்கிற தகுதியுள்ள பெண்களில் கடந்த மூன்று வருஷத்தில் படம் எடுத்தவர்கள் எத்தனை சதவீதம் என்பது வேறு கணக்கு. இரண்டாவதை 53 வயதிலிருந்துதான் போடுகிறார்கள். முதல் அழைப்பு 50-க்கும் 53-க்கும் நடுவில் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்பதால், 51 வயதுக்காரர் படம் எடுக்காததற்குத் திட்டத்தைக் குறை சொல்ல முடியாது. அழைக்கவே மறந்துபோன பெண் முதல் கணக்கில் வரவே மாட்டார், இரண்டாவதில் வருவார். கோவிட் காலத்தில், 2020-21-இல், முதல் எண் ஏறக்குறைய 62-க்கு இறங்கியது.

அழைக்க மறந்ததைப் பற்றிப் பேசும்போது 2018-ஐச் சொல்லாமல் விடமுடியாது. அந்த வருஷம் மே மாதம் அப்போதைய சுகாதார அமைச்சர் ஜெரமி ஹண்ட் பாராளுமன்றத்தில் எழுந்து, கம்ப்யூட்டர் கோளாறால் 2009-இலிருந்து சுமார் நாலரை லட்சம் பெண்களுக்குக் கடைசி அழைப்பு போகவில்லை என்றார். நாடே பதறியது. பிறகு வருஷக் கடைசியில் தனி விசாரணைக் குழுவின் அறிக்கை வந்தது. எண்ணிக்கை அதைவிட மிகக் குறைவு; வேரில் இருந்தது வரையறைக் குழப்பம். "70 வயது வரை" என்றால் 70 பிறந்தவுடன் நிறுத்துவதா, 71 பிறக்கும் வரை போவதா என்பதை மேலே இருந்தவர்கள் ஒரு மாதிரியும் கீழே வேலை செய்தவர்கள் வேறு மாதிரியும் புரிந்துகொண்டிருந்தார்கள். யார் யாரை அழைக்கவேண்டும், அதாவது கணக்கில் வகுக்கும் கீழ் எண் எது என்று முதலில் தெளிவாக எழுதி வைக்காததற்கு ஒரு தேசம் கொடுத்த விலை அது.

கடைசியாக, எல்லோரும் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது: சாவு குறைந்ததா? மற்ற எண்களெல்லாம் இதற்கான முன்னறிகுறிகள்தான். இதற்குப் பத்து, பதினைந்து வருஷம் காத்திருக்க வேண்டும். காத்திருக்கிற காலத்தில் சிகிச்சை சும்மா இருப்பதில்லை. டமாக்ஸிஃபென் என்ற மாத்திரை 1980-களில் பரவியது, அப்புறம் கீமோதெரபி மேம்பட்டது. பிரிட்டனில் மார்பகப் புற்றுநோய்ச் சாவு 1989-90 வாக்கிலிருந்து நன்றாக இறங்குகிறது. அழைப்பே போகாத, 50-க்குக் குறைந்த பெண்களிடமும் இறங்குகிறது. யார் கொண்டுவந்த இறக்கம் இது?

டென்மார்க்கில் இதற்கு ஒரு நல்ல வாய்ப்பு அமைந்தது. கோபன்ஹேகனில் 1991-இலும் ஃபியூன் பகுதியில் 1993-இலும் திட்டம் தொடங்கியது. நாட்டின் பெரும்பகுதிக்கு 2007 வாக்கில்தான் வந்தது. நடுவில் இருந்த அந்தப் பதினைந்து வருஷம் ஒரே நாடு, ஒரே சிகிச்சை, ஒரு பகுதியில் ஸ்கிரீனிங், மறுபகுதியில் இல்லை. 2005-இல் ஒரு குழு கோபன்ஹேகனில் சாவு 25 சதவீதம் குறைந்தது என்று எழுதியது. 2010-இல் இன்னொரு குழு, ஸ்கிரீனிங் இருந்த பகுதியில் ஆண்டுக்கு 1 சதவீதமும் இல்லாத பகுதியில் 2 சதவீதமும் குறைந்திருக்கிறது, ஸ்கிரீனிங்கின் விளைவு என்று எதுவும் தெரியவில்லை என்று எழுதியது. இரண்டும் அதே நாட்டுத் தரவு, இரண்டும் அதே மருத்துவ இதழில். முதல் குழு, அழைப்பு வருவதற்கு முன்பே நோய் கண்டவர்களின் சாவைக் கழித்துவிட்டது. அவர்களை ஸ்கிரீனிங் காப்பாற்றியிருக்க முடியாது என்பது நியாயமான வாதம். இரண்டாவது குழு வயது வாரியாக மொத்தச் சாவையும் எடுத்துக்கொண்டு போக்கைப் பார்த்தது. என் பார்வையில் முதல் முறை கேள்விக்கு நெருக்கமானது, ஆனால் ஊருக்கு ஊர் உள்ள வேறுபாடுகளைச் சரிக்கட்டுவதில் அது நிறைய அனுமானங்களைச் சுமக்கிறது. இரண்டையும் படித்துவிட்டு ஒருவர் ஏதோ ஒரு பக்கம் சாய்ந்தால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒன்றை மட்டும் படித்துவிட்டுச் சத்தியம் செய்பவரைத்தான் நம்பமாட்டேன்.

லாபத்தோடு நஷ்டத்தையும் ஒரே தாளில் எழுதியதற்காக மைக்கேல் மார்மட் தலைமையிலான பிரிட்டிஷ் குழுவைப் பாராட்டவேண்டும். 2012-இல் அவர்கள் கொடுத்த கணக்கு: 50 வயதுள்ள 10,000 பெண்களை அடுத்த 20 வருஷம் அழைத்தால் 43 சாவு தடுக்கப்படும், 129 பேருக்கு, ஸ்கிரீனிங் இல்லாதிருந்தால் ஆயுள் முழுக்கத் தெரியாமலே போயிருக்கும் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டுச் சிகிச்சையும் நடக்கும். ஒரு உயிருக்கு மூன்று பேர். அந்த மூன்று பேர் யார் என்று யாராலும் சொல்லமுடியாது. அவர்கள் எல்லோரும் தாங்கள் காப்பாற்றப்பட்டவர்கள் என்றே நினைத்துக்கொண்டிருப்பார்கள். இந்தக் கணக்கை மால்மோவிலும் கனடாவிலும் நடந்த பழைய ஆய்வுகளிலிருந்து எடுத்தார்கள், காரணம் அவற்றில்தான் ஒப்பிட வைத்திருந்த பெண்களை ஆய்வு முடிவில் ஸ்கிரீனிங்குக்கு அழைக்கவில்லை. அழைத்திருந்தால் இந்தத் தேவையற்ற கண்டுபிடிப்பின் அளவு மறைந்துபோயிருக்கும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு மேமோகிராம் படிக்கச் செயற்கை நுண்ணறிவைத் துணைக்கு வைப்பது பற்றி இப்போது வருகிற செய்திகளைப் படியுங்கள். ஸ்வீடனில் 80,000-க்கு மேற்பட்ட பெண்களிடம் நடந்த மசாய் ஆய்வின் முதல் முடிவு 2023-இல் வந்தபோது, மருத்துவர் படிக்கும் வேலை 44 சதவீதம் குறைந்தது, ஆயிரத்துக்கு 5.1 ஆக இருந்த கண்டுபிடிப்பு 6.1 ஆனது என்று தலைப்புச் செய்தி வந்தது. கூடுதலாகப் பிடிபட்ட அந்த ஒன்று ஆபத்தானதா, சாதுவானதா? ஆய்வை வடிவமைத்தவர்கள் விவரமானவர்கள். அதனால்தான் தங்கள் முதன்மை அளவாக இடைவெளிப் புற்றுநோயை வைத்தார்கள்.

நம் ஊர் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் இந்த அளவுகோல்களை அப்படியே இங்கே கொண்டுவருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்திய அரசின் 2016 நெறிமுறையில் மேமோகிராமே இல்லை. 30 முதல் 65 வயது வரை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பயிற்சி பெற்றவர் கையால் பரிசோதிப்பது. இது பலனளிக்குமா என்று மும்பையில் டாடா நினைவு மருத்துவமனைக் குழு 1998-இலிருந்து ஒன்றரை லட்சம் பெண்களை இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்தது. 2021-இல் வந்த முடிவில் நோய் முந்தைய கட்டத்தில் பிடிபட்டது உறுதியாகத் தெரிந்தது. மொத்தத்தில் சாவு 15 சதவீதம் குறைந்தது, ஆனால் புள்ளியியல் ரீதியாக உறுதிப்படவில்லை. 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறக்குறைய 30 சதவீதம். அதே நேரத்தில் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், 30-49 வயதுப் பெண்களில் மார்பகப் பரிசோதனை ஒருமுறையாவது செய்துகொண்டவர்கள் நாடு முழுக்க நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

இந்த நிலையில் மறு அழைப்பு விகிதத்தை அளந்து என்ன பிரயோஜனம்? முகாமில் கட்டி இருக்கிறது என்று சொல்லப்பட்ட பெண்களில் எத்தனை பேர் பயாப்சி வரை போய்ச் சேர்ந்தார்கள், எத்தனை நாளில், சிகிச்சையை முடித்தவர்கள் எத்தனை பேர் என்றுதான் இங்கே முதலில் கேட்கவேண்டும். அதற்குப் பிறகு, முகாமில் "ஒன்றுமில்லை" என்று சொல்லப்பட்டவர்களைத் தேடவேண்டும். தமிழ்நாட்டில் அதற்கு வழி இருக்கிறது: அடையாறு புற்றுநோய் நிறுவனம் 1981-இலிருந்து சென்னைக்கான பதிவகத்தை நடத்துகிறது, இப்போது மாநிலம் முழுவதற்குமான பதிவகமும் உண்டு. முகாம்களின் பெயர்ப் பட்டியலை அந்தப் பதிவேட்டோடு பொருத்திப் பார்க்கவேண்டியதுதான் பாக்கி.

உங்கள் அக்காவுக்கு மறு அழைப்புக் கடிதம் வந்தால் நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்: அந்தக் கடிதம் வருபவர்களில் நாலில் மூன்று பேருக்கு மேல் ஒன்றும் இருப்பதில்லை. "ஒன்றுமில்லை" என்று கடிதம் வந்து, அதற்குப் பிறகு கையில் ஏதாவது தட்டுப்பட்டால், அடுத்த அழைப்புக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள்.